வெளிநாட்டு டீம்கிட்ட "இது சேலத்துக்கு ஒத்து வராது"ன்னு எப்போ சொல்றது?

கேள்வி: அக்கா, நான் சேலத்துல ஒரு பிரைவேட் ஹாஸ்பிடல்ல பிசியோதெரபிஸ்ட். எங்க நியூரோ டாக்டர் இப்போ என்னை ஒரு ரிசர்ச் ப்ராஜெக்ட்டுக்கு கோஆர்டினேட்டரா போட்டுட்டாரு. பார்க்கின்சன் பேஷன்ட்டுங்களோட தூக்கத்த பத்தின ஸ்டடி, ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா, நம்ம சேலம்னு நாலு இடத்துல நடக்குது. கேள்வித்தாள், கைல கட்டற வாட்ச், ஒரு ராத்திரி ஸ்லீப் லேப்ல வீடியோவோட ரெக்கார்டிங், அப்புறம் ரத்த சாம்பிள். ஏற்காட்டுல இருந்தும் பேஷன்ட் எடுக்கணுமாம். டாக்டருக்கு ஓ.பி. பாக்கவே நேரம் பத்தல, மெயில் எல்லாம் எனக்கு தான் வருது, மீட்டிங் ராத்திரி பத்தரைக்கு. அவங்க அனுப்புற ஃபார்ம்ல பாதி நம்ம ஊருக்கு ஒத்தே வரல, ஆனா வாய் தொறந்தா இவங்களுக்கு ஒன்னும் தெரியலன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அடுத்த மாசமே பேஷன்ட் சேக்க ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறது? இன்னொன்னு, ராத்திரி மீட்டிங்குக்கு தனியா அலவன்ஸ் கேக்கலாமா?

பதில்: கண்ணு, மொதல்ல அந்த அடுத்த மாசங்கறத மறந்துடுங்க. வெளிநாட்டு கூட்டோ வெளிநாட்டு பணமோ இருக்கற ஹெல்த் ரிசர்ச்சுக்கு உங்க ஹாஸ்பிடல் எதிக்ஸ் கமிட்டி ஓகே சொன்னா மட்டும் பத்தாது, ஹெல்த் மினிஸ்ட்ரியோட ஸ்கிரீனிங் கமிட்டி, எச்.எம்.எஸ்.சி.ன்னு சொல்வாங்க, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். வழியா அதுக்கு அப்ளை பண்ணி அனுமதி வாங்கணும். விண்ணப்பம் போட வேண்டியது இங்க இருக்கற இன்வெஸ்டிகேட்டர், அதாவது உங்க டாக்டர், நடைமுறைல நீங்க தான். ஜெர்மனிக்காரங்களுக்கு இப்படி ஒரு படி இருக்கறதே தெரியாம இருக்கலாம், அது அவங்க தப்பு இல்ல, நீங்க சொல்லாம அவங்களுக்கு எப்படி தெரியும். உங்க எதிக்ஸ் கமிட்டி டிபார்ட்மெண்ட் ஆஃப் ஹெல்த் ரிசர்ச்ல ரிஜிஸ்டர் ஆகிருக்கான்னும் பாத்துக்கங்க, 2019 ரூல்ஸ்ல இருந்து அது கட்டாயம். ரத்தம் வெளிநாட்டுக்கு போகுதுன்னா மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர் அக்ரிமெண்டும் சேத்து போடுங்க, எதுக்கு போகுது, மிச்சம் இருக்கறத என்ன பண்ணுவாங்கன்னு அதுல தெளிவா இருக்கணும்.

இந்த அனுமதி வர்ற வரைக்கும் கிடைக்கற மாசங்கள வீணா போற டைம்னு நினைக்காதீங்க, உங்களுக்கு கிடைச்ச பெரிய வசதியே அது தான். நான் பல நாட்டு ஸ்டடிங்கள நடத்தி பாத்த வரைக்கும், டேட்டா கெடுறது பெரும்பாலும் யாரும் வேலை செய்யாததால இல்ல, சைட்டுல இருக்கறவங்களுக்கு தெரிஞ்சும் சங்கடப்பட்டு சொல்லாம விட்ட விஷயங்களால. மொத பேஷன்ட் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சொன்னா ஒரு மெயில்ல முடிஞ்சுடும். இருபது பேர் சேந்த பிறகு சொன்னீங்கன்னா நாலு ஊர் எதிக்ஸ் கமிட்டிக்கும் திருத்தம் போகணும், பழைய இருபது பேர் டேட்டாவ புதுசோட சேக்க முடியாது, தறில பாவு ஏத்தின பின்னாடி டிசைன மாத்துங்கற கதை தான்.

சரி, என்னென்ன ஒத்து வராதுன்னு நீங்க எழுதல, ஆனா என்னால ஊகிக்க முடியுது.

உங்க ப்ரோட்டோகால்ல, அதாவது ஸ்டடிய எப்படி நடத்தணும்னு எழுதின திட்டத்துல, ஆர்.பி.டி.ன்னு பக்கத்துக்கு பக்கம் வரும். கனவு வர்ற ஆர்.இ.எம். தூக்கத்துல நம்ம கை கால் தசையெல்லாம் தளர்ந்து கெடக்கணும், அப்படி தளராம கனவுல நடக்கறத அப்படியே குத்தறது, உதைக்கறது, கத்தறதுன்னு செஞ்சு காட்டுற பிரச்சனை அது. 1986ல அமெரிக்கால மினியாபோலிஸ்ல ஷென்க், மஹோவால்ட் டீம் தான் இத தனி நோயா எழுதினாங்க. இதுக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னா, பார்க்கின்சன் நடுக்கம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே இது தலை காட்டுது. 2019ல வந்த ஒரு ஸ்டடில 24 சென்டர் சேந்து ஆர்.பி.டி. மட்டும் இருந்த 1,280 பேர பின்தொடர்ந்தாங்க, வருஷத்துக்கு 6.3 சதவீதம் பேருக்கு பார்க்கின்சனோ அந்த குடும்பத்த சேந்த வேற நோயோ வந்துச்சு, 12 வருஷத்துல கணக்கு 73.5 சதவீதம். எந்த ஒரு ஊர் லேப்பாலயும் தனியா இத்தனை பேர புடிச்சிருக்க முடியாது, அதனால தான் இந்த நோய்க்கு நாடு நாடா கூட்டு சேர்றாங்க. ஆனா கூட்டு சேந்தா மட்டும் போதாது, 24 இடத்துலயும் ஒரே விஷயத்த ஒரே மாதிரி அளந்திருக்கணும். உங்க வேலையோட கஷ்டம் அங்க தான் இருக்கு.

இப்போ அந்த கேள்விய நம்ம ஊர்ல வச்சு பாருங்க. ஆர்.பி.டி. கேள்விங்க எல்லாம் "தூக்கத்துல நீங்க இப்படி பண்றதா யாராவது சொல்லிருக்காங்களா"ன்னு தான் வரும், ஏன்னா தூங்கறவருக்கு தெரியாது, பக்கத்துல படுத்திருக்கறவங்க தான் சாட்சி. அம்மாபேட்டைல ஒரு எழுபது வயசு தாத்தா வாசல்ல கயித்து கட்டில்ல தனியா படுப்பாரு, பாட்டி பேரப்புள்ளைங்களோட உள்ள பாய்ல. அவரு ராத்திரி கத்தினது எதிர் வீட்டுக்காரருக்கு தெரிஞ்சாலும் தெரியும், பாட்டிக்கு தெரியாது. நீங்க "இல்லை"ன்னு டிக் பண்ணிடுவீங்க. பாக்க ஆளே இல்லாத ஒருத்தர், பிரச்சனையே இல்லாத ஒருத்தர், ரெண்டு பேரும் ஃபார்ம்ல ஒன்னாயிடுவாங்க, கடைசில இந்தியால ஆர்.பி.டி. கம்மின்னு ஒரு பேப்பர் வந்தாலும் வரும். அதனால கேள்விய மாத்த வேண்டாம், கேள்விக்கு கீழ "ராத்திரி கூட படுக்கறது யாரு, அவங்கள கேட்டீங்களா"ன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. சில வீட்ல அந்த சாட்சி எட்டு வயசு பேத்தியா தான் இருக்கும். அவள கேக்கறதா இருந்தா அதையும் ப்ரோட்டோகால்ல எழுதி எதிக்ஸ் கமிட்டிக்கு காட்டியிருக்கணும்.

தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்கங்கறது தனி பிரச்சனை. பகல்ல சட்டை பட்டன் போட கால் மணி நேரம் ஆகுற மனுஷன் ராத்திரி கண்ண மூடிகிட்டே படார் படார்னு குத்து விடறாரு, பகல்ல முணுமுணுன்னு பேசறவரு கணீர்னு கத்தறாரு. இது உண்மைலயே நடக்கறது தான், ஆர்.பி.டி. நேரத்துல பார்க்கின்சன் பேஷன்ட்டோட அசைவு முழிச்சிருக்கறப்பவ விட வேகமா, பலமா இருக்குன்னு வீடியோ எடுத்தே காட்டிருக்காங்க. வீட்ல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க, காத்து கருப்பு அண்டிடுச்சுன்னு தாயத்து கட்டி, மந்திரிச்சு, வெளிய சொல்லாம வச்சிருப்பாங்க. அடி வாங்கின பொண்டாட்டி புருஷன் முன்னாடி வாய தொறக்க மாட்டாங்க. தனியா உக்கார வச்சு கேக்கணும், கேக்கறது பொம்பளையா இருந்தா இன்னும் நல்லது. இதுக்கு ஒரு பேஷன்ட்டுக்கு கூடுதலா அரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்த ஷெட்யூல்ல போட சொல்லுங்க.

எப்வர்த் ஸ்கேல் கண்டிப்பா இருக்கும், எட்டு கேள்வி, 24 மார்க், 10க்கு மேல போனா பகல் தூக்கம் அதிகம்னு அர்த்தம். அதுல கார்ல ஒரு மணி நேரம் போனா தூங்குவீங்களா, டிராஃபிக்ல கார் நின்னா தூங்குவீங்களான்னு வரும். கொண்டலாம்பட்டில இருந்து வர்ற ஒரு தறிக்காரம்மா வாழ்க்கைலயே எத்தனை தடவ கார்ல போயிருப்பாங்க? பஸ்ஸுன்னு நீங்களே மாத்திடாதீங்க. இந்த ஸ்கேலுக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்க, பார்க்கின்சன் எவ்ளோ தீவிரம்னு அளக்கற எம்.டி.எஸ். யு.பி.டி.ஆர்.எஸ். மூவ்மென்ட் டிஸ்ஆர்டர் சொசைட்டியோடது, எதையும் அவங்க அனுமதி இல்லாம தமிழாக்கவும் கூடாது, வரி மாத்தவும் கூடாது. அங்கீகரிச்ச தமிழ் வெர்ஷன் இருக்கான்னு அந்தந்த ஸ்கேல் ஓனர்கிட்ட கேக்க சொல்லி லீட் சென்டருக்கு எழுதுங்க, அது அவங்க வேலை, உங்க வேலை இல்ல. ஞாபகம், யோசிக்கற திறன பாக்கற மோகா டெஸ்ட் இருந்தா படிப்பு விஷயத்தையும் எழுப்புங்க, 12 வருஷமோ அதுக்கு கம்மியாவோ படிச்சிருந்தா ஒரு மார்க் சேத்து குடுக்கறது அதுல வழக்கம், ஆனா பள்ளிக்கூடமே போகாதவங்களுக்கு அந்த ஒரு மார்க் எப்படி போதும். அவங்களுக்குன்னே மோகா பேசிக்னு தனியா ஒன்னு இருக்கு.

வாட்ச் விஷயத்துக்கு வர்றேன். நடுக்கம் இருக்கற கைல கட்டினா நடுக்கத்தையும் அசைவுன்னு எழுதும், அதனால எந்த கைன்னு நாலு சைட்டுக்கும் ஒரே ரூல் வேணும், நடுக்கம் கம்மியா இருக்கற பக்கம்னு வச்சுக்கறது நல்லது. நம்ம ஊர்ல கூடுதலா விசைத்தறி ஒன்னு இருக்கு. தறி ஓட்டற எடத்துல நின்னா அந்த அதிர்வு கைக்கு வருமா, வாட்ச் அத என்னன்னு எழுதும்னு எந்த பேப்பர்லயும் தேடாதீங்க, தறி ஓட்டற ஒருத்தர்கிட்ட கேட்டு ஷிஃப்ட் முழுக்க கட்டி பாருங்க, ஒரு ராத்திரில தெரிஞ்சு போயிடும். நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு காலைல ஏழு மணிக்கு மேல தான் "ராத்திரி", இதையும் தூக்க டைரில எழுத எடம் வேணும்.

அத விட மோசமான விஷயம் மணி. வாட்ச செட் பண்றப்போ அது கம்ப்யூட்டர்ல இருக்கற நேரத்த தான் எடுத்துக்கும். ஜெர்மனில செட் பண்ணி பார்சல்ல அனுப்பினா ராத்திரி பத்து மணிக்கு படுக்கற சேலத்து பேஷன்ட் சாயங்காலம் ஆறு மணி வாக்குல படுக்கறாருன்னு வரும். ஸ்லீப் லேப் ரெக்கார்டிங் இ.டி.எஃப்.ங்கற வகை ஃபைலா போகும், அதோட ஹெடர்ல, அதாவது ஃபைல் தொடக்கத்துல இருக்கற விவர பகுதில, ஆரம்ப தேதி, நேரம் இருக்கு, எந்த நாட்டு நேரம்னு எழுத எடமே இல்ல. அங்க ஐரோப்பால மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் கடிகாரத்த மாத்துவாங்க, கனடால பெரும்பாலான எடத்துல அதே மாத்தம் மார்ச் ரெண்டாவது ஞாயிறு, நவம்பர் மொத ஞாயிறு. நம்ம மட்டும் தான் வருஷம் பூரா அப்படியே இருக்கோம். ஒவ்வொரு சைட்டும் உள்ளூர் நேரத்துல எழுதி, கூடவே எந்த நேர மண்டலம்னு தனி கட்டத்துல போடணும்னு கேளுங்க. தேதியும் அப்படி தான், 03/04 னா மார்ச்சா ஏப்ரலா, மாசத்த எழுத்துல எழுதிடுங்க, சண்டையே வராது. நம்ம பெரியவங்க நிறைய பேருக்கு பொறந்த தேதியே தெரியாது, ஸ்கூல்லயோ ஆதார்லயோ போட்ட ஏதோ ஒரு தேதி தான், அதனால வயசு "உத்தேசம்"னு ஒரு டிக் வேணும்.

அந்த இ.டி.எஃப். ஹெடர்லயே பேஷன்ட் பேர் எழுதற எடமும் இருக்கு. டெக்னீஷியன் பழக்கத்துல பேர், வயசு எல்லாம் டைப் பண்ணிடுவாரு, ஃபைல் பேர நம்பரா மாத்தி அனுப்பினாலும் உள்ள பேர் உக்காந்திருக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி தொறந்து பாருங்க. வீடியோல முகம் தெரியும், அத மறைக்கறது அவ்ளோ சுலபம் இல்ல, அதனால வீடியோ சேலத்துலயே இருக்கட்டும், அளந்த ஸ்கோர் மட்டும் போகட்டும், தரத்த செக் பண்ணணும்னா அவங்க ஆள் வந்து பாக்கட்டும்னு நான் சொல்வேன். வேட்டி அவுந்து, அரை தூக்கத்துல உளறி கெடக்கற ஒரு பெரியவரோட வீடியோ மூனு நாடு சுத்தணுமா என்ன.

ஏற்காட்டுக்கு தனி திட்டம் போடுங்க. பார்க்கின்சன் ஸ்டடிங்கள்ல "ஆஃப்" நிலைல பரிசோதனைன்னு ஒன்னு உண்டு, 12 மணி நேரம் பார்க்கின்சனுக்கு குடுக்கற லெவோடோபா மாத்திரை இல்லாம வச்சு பாக்கறது. மாத்திரை போடாத மனுஷன 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி பஸ்ல வர சொல்றது அநியாயம், எந்த எதிக்ஸ் கமிட்டியும் கேக்கணும். அவரு எப்படியும் ஒரு ராத்திரி உங்க லேப்ல தங்கப்போறாரு இல்ல, சாயங்காலம் மாத்திரை போட்டுகிட்டு வரட்டும், ராத்திரி ரெக்கார்டிங், மறுநாள் காலைல மொத மாத்திரைக்கு முன்னாடி ஆஃப் பரிசோதனை, மாத்திரை, டிஃபன், ஒரு மணி நேரம் கழிச்சு "ஆன்" பரிசோதனை, ஒரே டிரிப்ல எல்லாம் முடியும். ராத்திரி மாத்திரை இல்லாட்டி தூக்கமே கெடும், அப்போ அளக்கறது எந்த தூக்கம்னு அவங்க கேப்பாங்க, கேக்கட்டும், நல்ல கேள்வி, நாலு சைட்டுக்கும் ஒரே பதில் எழுதி வைக்கட்டும். கூட வர்றவருக்கும் சாப்பாடு, பஸ் காசு, ஒரு நாள் கூலி பட்ஜெட்ல இருக்கணும். நவம்பர்ல இருந்து காபி பழம் பறிக்கற சீசன், எஸ்டேட் ஜனம் எறங்கி வராது. மே மாசம் கோடை விழா, மலை ரோடு பூரா வண்டி. ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு சேலமே லீவு, அதே ஆகஸ்ட்ல ஐரோப்பாக்காரங்களும் லீவுல இருப்பாங்க. இதெல்லாம் போட்டு ஒரு காலண்டர் அனுப்புங்க, மாசத்துக்கு எத்தனை பேருன்னு டார்கெட் கேக்கறத அதுக்கப்புறம் பேசலாம்.

ஒரு விஷயம் மட்டும் உங்க டாக்டர பக்கத்துல வச்சுகிட்டு முடிவு பண்ணுங்க. கன்ட்ரோல் குரூப்புக்கு நோய் இல்லாதவங்கள, பெரும்பாலும் பேஷன்ட்டோட வீட்டுக்காரங்களையே படுக்க வைப்பீங்க. அதுல ஒருத்தருக்கு ஆர்.பி.டி. இருக்குன்னு ரெக்கார்டிங்ல தெரிஞ்சா? மேல சொன்ன 73.5 சதவீதத்த அவர்கிட்ட சொல்லுவீங்களா? இன்னிக்கு தேதிக்கு பார்க்கின்சன் வராம தடுக்கற மருந்து கைல இல்ல. சொல்லாம இருந்தா கட்டில்ல இருந்து விழுந்து மண்டைய உடைச்சுக்கலாம், அதுக்கு மருந்தும் இருக்கு, பாதுகாப்பும் பண்ண முடியும். என் கருத்து, தெரிஞ்சுக்க விருப்பமான்னு கன்சென்ட் ஃபார்ம்லயே முன்னாடி கேட்டு வைக்கணும், விருப்பம்னா டாக்டர் நேர்ல உக்காந்து சொல்லணும், ரிப்போர்ட்ட கவர்ல போட்டு நீங்க குடுக்கற வேலை ஆகவே கூடாது. குறட்டை, மூச்சு நிக்கற பிரச்சனை தெரிஞ்சா அத கண்டிப்பா சொல்லி சிகிச்சைக்கு அனுப்பணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல.

எப்படி சொல்றதுன்னா, மீட்டிங்ல சொல்லாதீங்க. மீட்டிங்ல நாம சரிங்க சரிங்கன்னு தலையாட்டிடுவோம், அவங்க அத ஒப்புதல்னு மினிட்ஸ்ல எழுதிடுவாங்க. மெயில்ல எழுதுங்க, ஒரு பிரச்சனைக்கு ஒரு பத்தி, எது ஒத்து வரல, அப்படியே விட்டா டேட்டால என்ன ஆகும், நாங்க என்ன செய்யலாம்னு சொல்றோம், எந்த தேதிக்குள்ள பதில் வேணும். கஷ்டம்னு மட்டும் எழுதினா புலம்பல்னு நினைப்பாங்க, இன்னின்ன பேஷன்ட்டுக்கு தப்பா பதிவாகும்னு எழுதினா லீட் சென்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரரே உங்க பக்கம் வந்து நிப்பாரு. டாக்டர் பேர்ல போகட்டும், வரைஞ்சு குடுக்கறது நீங்க.

பேப்பர்ல பேர் விஷயத்தையும் இப்பவே கிளப்புங்க. ஜர்னல் எடிட்டருங்களோட ஐ.சி.எம்.ஜே.இ. விதிப்படி டேட்டா சேத்து குடுத்தா மட்டும் ஆத்தர் ஆக முடியாது, பேப்பர எழுதறதுலயோ திருத்தறதுலயோ பங்கு இருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் சொல்லணும், அதுக்கு பொறுப்பும் ஏத்துக்கணும். அதனால டிராஃப்ட் எழுதறப்போ சேலத்துக்கும் அனுப்பணும், சேலம் டேட்டால தனி பேப்பர் எழுதற உரிமை சேலத்துக்கு வேணும், நம்ம டேட்டாவோட ஒரு காப்பி நம்மகிட்ட இருக்கணும், இந்த மூனும் அக்ரிமெண்ட்ல வரணும். பணம் எப்படி வருதுன்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க, உங்க ஹாஸ்பிடல் டிரஸ்ட்டா இருந்து வெளிநாட்டு கிராண்ட் வருதுன்னா எஃப்.சி.ஆர்.ஏ.ங்கற வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இருக்கணும், பணம் டெல்லி மெயின் பிராஞ்ச் ஸ்டேட் பேங்க் கணக்குக்கு தான் மொதல்ல வரும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அதுல இருந்து இன்னொரு அமைப்புக்கு பிரிச்சு குடுக்கவும் முடியாது. ஏற்காட்டுல ஏதாவது சங்கத்துக்கு ஒரு பங்கு தர்றதா பிளான் இருந்தா இங்கயே இடிக்கும்.

பத்தரை மணி மீட்டிங் யாரோ கனடா மதியத்துக்கு வசதியா வச்சது. ஐரோப்பால கோடை நேரம் ஓடுறப்போ நம்ம சாயங்காலம் ஆறரைன்னா ஜெர்மனில மதியம் மூனு, லண்டன்ல ரெண்டு, மான்ட்ரியல் பக்கம் காலைல ஒன்பது. குளிர்காலத்துல அதே மூனு, ரெண்டு, ஒன்பதுக்கு நம்ம ஊர்ல ஏழரை ஆகும். ஒருத்தருக்கும் தூக்கம் கெடாது. தூக்கத்த பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இதுக்கு மறுப்பு சொன்னா கொஞ்சம் சிரிச்சுக்கங்க, அப்புறம் மறுபடி கேளுங்க.

அலவன்ஸ் தாராளமா கேக்கலாம். பட்ஜெட் இன்னும் கையெழுத்து ஆகலன்னா டாக்டர்கிட்ட சொல்லி கோஆர்டினேட்டர் சம்பள வரிலயே சேத்துக்கங்க, ஸ்லீப் லேப் ராத்திரிங்களுக்கு டெக்னீஷியனுக்கும் சேத்து. கையெழுத்து ஆயிடுச்சுன்னா காசா வர்றது கஷ்டம், அப்போ ராத்திரி வேலை இருந்த மறுநாள் காலைல லேட்டா வர எச்.ஆர்.கிட்ட அனுமதி கேளுங்க, வாய் வார்த்தையா வேண்டாம், எழுத்துல வாங்கிக்கங்க.